ஆயிரம் பிரதியா, கேட்டால் மட்டும் அச்சா?

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் கொட்டேஷன் கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது ஒரு பிரதிக்கு என்ன ஆகிறது என்பதைத்தான். மொத்தமாக அடித்து வைத்துக்கொள்ளும் ஆஃப்செட் அச்சா, ஆர்டர் வந்தால் மட்டும் பிரதி அடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்டா (சுருக்கமாக பிஓடி) என்ற ஒப்பீடே அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் தேவையில்லை, ஆஃப்செட்தான் ஜெயிக்கும். என் கட்டுரைத் தொகுப்புக்கு இரண்டு வழியிலும் விலை கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது. ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு, பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஆவதில் பாதிகூட இல்லை. இருந்தும் நான் பிஓடிக்குத்தான் போனேன். இப்போதும் யாராவது கேட்டால், வாசகர் வட்டம் எவ்வளவு பெரிது என்று தெரியாத எந்தப் புத்தகத்துக்கும் அதையே சொல்வேன்.

ஆஃப்செட் ஏன் மலிவு என்பதில் பெரிய ரகசியம் இல்லை. செலவில் பெரும்பங்கு முதல் பிரதி வெளிவருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 208 பக்கப் புத்தகம் என்றால் 13 ஃபாரம். தாளின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பிளேட் (அச்சாக வேண்டியது பதிந்த தகடு) என்றால், கறுப்பு மை மட்டுமே போட்டாலும் 26 பிளேட். அட்டைக்கு நான்கு வண்ணம் தனி. ஒவ்வொரு பிளேட்டையும் மாட்டி, மை சமன்படும்வரை ஓட்டுகிற தாள்கள் எல்லாம் கழிவு. இதெல்லாம் 100 பிரதிக்கும் அதே செலவு, 5,000 பிரதிக்கும் அதே செலவு. அதனால்தான் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் விலை சரிகிறது. பிஓடியில் பிளேட் கிடையாது. பிடிஎஃப் கோப்பு நேராக டிஜிட்டல் இயந்திரத்துக்குப் போகிறது. முதல் பிரதிக்கு என்ன விலையோ அதேதான் ஐந்நூறாவது பிரதிக்கும்.

அச்சுத் தரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வெறும் எழுத்து மட்டுமே உள்ள புத்தகத்தில் வாசகர் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். டிஜிட்டல் அச்சின் மைத்தூளான டோனரின் மெல்லிய பளபளப்பை அச்சுக்காரர்கள்தான் கவனிப்பார்கள். தாள் தேர்வில் ஆஃப்செட்டுக்கே சுதந்திரம் அதிகம், பிஓடியில் அவர்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய கவிதைத் தொகுப்புக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: அமேசானின் பிஓடி சேவையான கேடிபியில் 79 பக்கத்துக்குக் குறைந்தால் புத்தகத்தின் முதுகில் எழுத்தே போட விடமாட்டார்கள். அலமாரியில் நிற்கும்போது பெயரில்லாமல் நிற்கும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது விற்காமல் மிஞ்சும் பிரதிகளின் கணக்கு. கொட்டேஷனில் வருவது அச்சடித்த பிரதியின் விலை. நமக்குத் தெரியவேண்டியது விற்ற பிரதியின் விலை. ரூபாய்க்குப் பதில் 'பங்கு' என்ற கணக்கில், பிஓடியில் ஒரு பிரதிக்கு 100 பங்கு செலவு, ஆயிரம் பிரதி ஆஃப்செட்டில் ஒரு பிரதிக்கு 40 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட்டுக்கு மொத்தம் 40,000 பங்கு முன்பணமாகப் போய்விட்டது. அதே தொகை பிஓடியில் 400 பிரதிக்குச் சமம். அதாவது 400 பிரதி விற்கிறவரை ஆஃப்செட் மலிவே இல்லை. 250 பிரதியோடு விற்பனை நின்றுபோனால், விற்ற ஒவ்வொன்றுக்கும் 160 பங்கு செலவழித்திருக்கிறோம். 800 விற்றால் 50 பங்குதான், அப்போது ஆஃப்செட் போட்டவர் சிரிக்கலாம். உங்கள் இரண்டு கொட்டேஷன்களை வைத்து இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஆஃப்செட்டின் மொத்தத் தொகையை பிஓடியின் ஒரு பிரதி விலையால் வகுத்தால் போதும். அப்புறம் அந்த எண்ணைப் பார்த்து, இத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்களா என்று நேர்மையாக யோசிக்க வேண்டும். நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்போவதை விற்பனையில் சேர்க்கக் கூடாது. சேர்க்கத்தான் மனசு சொல்லும்.

இந்தக் கணக்கில் இடத்தின் செலவு இன்னும் வரவே இல்லை. டெமி என்ற வழக்கமான புத்தக அளவில், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 208 பக்கம் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 240 கிராம் வரும். ஆயிரம் பிரதி என்பது 240 கிலோ காகிதம். அதைத் தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், ஈரம் ஏறாமல் வைக்க வேண்டும். ஈரம் பட்டால் ஓரம் அலையடிக்கும், பூச்சி தேடி வரும், கட்டின் அடியில் கிடப்பவை வளைந்துபோகும். முதல் வருடம் தெரியாது. மூன்றாவது வருடம் ஒருவர் ஆசையாகக் கேட்டு எழுதும்போது, அனுப்பத் தகுந்த பிரதியைத் தேடி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

மிஞ்சிய பிரதிகள் திருத்தத்தையும் தடுத்துவிடுகின்றன. எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் அச்சாகி வந்த புத்தகத்தைத் திறந்த பக்கத்தில் ஒரு பிழை இருக்கும். ஆஃப்செட்டில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம். முழுதாகச் சரிசெய்ய வேண்டுமானால் கையிருப்பு தீர வேண்டும், அறுநூறு பிரதி கட்டுக்கட்டாக இருக்கும்போது மறுஅச்சு போட யாருக்கு மனசு வரும்? பிஓடியில் கோப்பை மாற்றி ஏற்றினால், சரிபார்ப்பு முடிந்ததும் அடுத்து அச்சாகும் பிரதி திருத்தமாக வந்துவிடும். எழுத்துப்பிழை திருத்தத்துக்குப் புது ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) தேவையில்லை, உள்ளடக்கமே கணிசமாக மாறினால்தான் புதுப் பதிப்பாகக் கொண்டு புது எண். ஒன்று மட்டும் கவனம்: திருத்தத்தில் பக்க எண்ணிக்கை மாறினால் முதுகின் அகலமும் மாறும், அட்டைக் கோப்பையும் மறுபடி செய்ய வேண்டிவரும். என் தொகுப்பில் ஒரு கட்டுரையின் தகவல் பழசாகிப்போனபோது, அந்தப் பகுதியை அதே பக்க அளவுக்குள் அடங்கும்படி திருப்பி எழுதினேன். வெளியான புத்தகத்தில் இப்படிக் கை வைக்க முடிவது எழுதுகிறவனுக்குப் பெரிய சௌகரியம்.

பிஓடி சறுக்கும் இடம் கடை விற்பனை. புத்தகக் கடைகள் எதிர்பார்க்கும் கழிவு (தள்ளுபடி) அட்டை விலையில் 40 சதவீதம், 55 சதவீதம் என்றெல்லாம் போகும். ஒரு பிரதியின் அச்சுச் செலவே அதிகமாக இருக்கும்போது அந்தக் கழிவுக்குப் பிறகு ஆசிரியருக்கு ஒன்றும் மிஞ்சாது, அல்லது அட்டை விலையை வாசகர் முகம் சுளிக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். நான் இணையத்தில் மட்டும் விற்பதால் தப்பித்தேன். கடைகளை நம்பி இறங்குகிறவர், அல்லது முன்பதிவிலேயே எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டவர், தயங்காமல் ஆஃப்செட் போடலாம். படங்கள் நிறைந்த வண்ணப் புத்தகத்துக்கும் ஆஃப்செட்தான் சரி என்று அச்சகத்தார் சொல்கிறார்கள். நான் வண்ணப் புத்தகம் போட்டதில்லை, தையல் பைண்டிங்கும் போட்டதில்லை, அதனால் அதில் என் வார்த்தையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பிஓடி பிரதிகளின் பசை பைண்டிங் இதுவரை விட்டுப்போகவில்லை. பத்து வருடம் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு அவற்றுக்கு இன்னும் வயதாகவில்லை.

நடுவில் ஒரு வழியும் உண்டு. அதே டிஜிட்டல் அச்சில் 50 அல்லது 100 பிரதி மட்டும் மொத்தமாக அடித்து வாங்கிக்கொள்வது. பிஓடியைவிட ஒரு பிரதிக்குக் கொஞ்சம் குறையும், கையிருப்பும் ஒரு அலமாரித் தட்டுக்குள் அடங்கிவிடும். நேரில் விற்கக் கொஞ்சம் பிரதி தேவைப்படுகிறவர்கள் பிஓடியோடு சேர்த்தே இதையும் வைத்துக்கொள்ளலாம், ஒரே உள்பக்கக் கோப்பு இரண்டுக்கும் போதும். அட்டைக் கோப்பை மட்டும் அந்த அச்சகம் பயன்படுத்தும் தாளின் தடிமனைக் கேட்டு, முதுகு அகலத்தைத் திரும்பக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.