டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி மேனுவல்: மூணு வருஷம் ஓட்டின அனுபவம்

டாட்ஜ்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட சேலஞ்சர் காரை எடுத்து மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. 2018 மாடல், 5.7 லிட்டர் ஹெமிங்கற எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், ஆறு கியர் மேனுவல், செகண்ட் ஹேண்ட். வாங்கின புதுசுலயே எழுதியிருந்தா எல்லாமே சூப்பர்னு எழுதியிருப்பேன், அதான் இவ்ளோ நாள் பொறுத்தேன்.

முதல்ல பானெட்டைப் பத்தி சொல்லணும். இப்ப வர்ற நிறைய கார்ல உள்ள உக்காந்தா பானெட்டே கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியைத் தாண்டினா நேரா ரோடுதான். இதுல சீட்ல உக்காந்த உடனே முன்னாடி நீளமா, மேடும் பள்ளமுமா அது விரிஞ்சு கிடக்கும், சாயங்கால வெயில் அதுமேல பட்டு நகர்றதைப் பாத்துக்கிட்டே ஓட்டலாம், சிக்னல்ல நிக்கும்போது எஞ்சினோட துடிப்பு ஸ்டியரிங் வழியா கைக்கு வரும். இந்தக் காரை ஏன் விக்க மனசு வரலன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், ஸ்பீடெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

1970ல வந்த முதல் சேலஞ்சரோட சாயல் இது. அந்த வண்டி 1974லயே நின்னு போச்சு, புகைக் கட்டுப்பாடு, இன்ஷூரன்ஸ், 1973 எண்ணெய் நெருக்கடின்னு எல்லாம் ஒண்ணு சேர்ந்து மசில் கார்னு சொல்ற, பெரிய எஞ்சின் வச்ச அமெரிக்க வண்டிகளோட காலத்தையே முடிச்சு வச்சிருச்சு. அப்புறம் 1978ல மிட்சுபிஷி செஞ்ச ஒரு சின்ன கார்ல பேரை மட்டும் ஒட்டினாங்க. பழைய உருவத்தோட திரும்பி வந்தது 2008லதான். 2015ல தோற்றத்தைக் கொஞ்சம் மாத்தினப்ப 1971 மாடல் மாதிரியே முன் கிரில்லும் பின் லைட்டும் ரெண்டா பிரிஞ்சுது, என்கிட்ட இருக்கறது அந்த டைப்.

ஒரிஜினல் 70 மாடலை ஒரு தடவை ஓட்டியிருக்கேன். பாக்க அவ்ளோ அழகு, ஆனா கார்புரேட்டர் சூடாகற வரைக்கும் திணறும், பிரேக்கை நம்பி வேகமா போக பயமா இருந்துச்சு. என் வண்டி பட்டனை அழுத்தினா ஸ்டார்ட் ஆயிடும், ஏபிஎஸ், ஏர்பேக், ரிவர்ஸ் கேமரா எல்லாம் இருக்கு. அழகுக்காக தினமும் பாடுபட வேண்டியதில்ல, அதனாலதான் ஆபீசுக்கே இதுல போறேன்.

மேனுவல்ல 375 குதிரைசக்தி. ஆட்டோமேட்டிக்ல லேசா ஓட்டும்போது நாலு சிலிண்டர் ஆஃப் ஆகும், மேனுவல்ல அது கிடையாது, எட்டும் எப்பவும் ஓடும், அந்த கனமான சத்தம் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். டிரெமெக் கம்பெனி கியர்பாக்ஸ் கைக்கு நல்ல வெயிட்டா இருக்கு. ஒண்ணு மட்டும் முதல்ல குழப்பும், மெதுவா கிளம்பினா ஒண்ணாவது கியர்லருந்து நேரா நாலுக்கு தள்ளும், மைலேஜுக்காக வச்ச ஏற்பாடு அது, ஆக்சிலரேட்டரை கொஞ்சம் கூட அழுத்தினா ரெண்டுக்கு போயிடும்.

எடை கிட்டத்தட்ட 1900 கிலோ. வளைவுல இதோட போட்டி வண்டிகளான மஸ்டாங், கமாரோ அளவுக்கு சுறுசுறுப்பு எதிர்பார்க்காதீங்க. ஹைவேல நாலஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கினாலும் முதுகு வலிக்காது, பின் சீட்ல பெரியவங்க நிஜமாவே உக்காரலாம், டிக்கியும் பெருசு. பின்பக்கத் தூண் தடிமன், திரும்பிப் பாத்தா பாதி மறைக்கும், கதவும் நீளம், நெருக்கமான பார்க்கிங்ல இறங்க கஷ்டம். சிட்டில லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான்.

பெட்ரோல் போட நின்னா யாராவது வந்து பேசுவாங்க. மைலேஜ் என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அவங்க கதையைச் சொல்வாங்க, எங்க அப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தார், பக்கத்து வீட்டு அண்ணன் வச்சிருந்தார், ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போனார்னு. எனக்கு முன்பின் தெரியாதவங்க அவங்க வாழ்க்கைல ஒரு துண்டை என்கிட்ட குடுத்துட்டுப் போறாங்க. வேற எந்தக் கார் வச்சிருந்தப்பவும் எனக்கு இப்படி நடந்ததில்ல.

2023 டிசம்பரோட உற்பத்தி முடிஞ்சிருச்சு, இனி செகண்ட் ஹேண்ட்தான். பாக்கப் போனா எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. டிக் டிக்னு கேட்டு சூடானதும் நின்னா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின்லருந்து புகையை வெளிய எடுத்துட்டுப் போற குழாய்) போல்ட் உடைஞ்சிருக்கலாம், 5.7 ஹெமில அடிக்கடி வர்றது, மெக்கானிக்கை வச்சு செக் பண்ணுங்க. கலர் எதுன்னு குழம்பினா பிளம் கிரேசி எடுங்க, 1970லயே இருந்த பர்ப்பிள் அது, அந்த பானெட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கலர் நான் பாக்கல.