வேலியோர நாகதாளியா, நர்சரி முயல்காதா? மதுரை வீட்டுக்கு எந்தக் கள்ளி சரிப்படும்

சப்பாத்திக்கள்ளியை வீட்டுல வைக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நம்ம மதுரைப் பக்கம் ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உசிலம்பட்டி ரோட்டுலயோ நாகமலை அடிவாரத்துலயோ வேலியோரமா நிக்கிற நம்மூரு நாகதாளியில ஒரு மட்டையை எடுத்துட்டு வந்து நட்டுக்கிறது. இன்னொண்ணு, நர்சரில சின்ன தொட்டியில விக்கிற முயல்காது கள்ளி, மட்டை ரெண்டும் முயல் காது மாதிரியே நிக்கும், புள்ளி புள்ளியா மஞ்சப் பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டந்தான், ரெண்டுமே ஒபன்ஷியாங்கிற சப்பாத்திக்கள்ளி இனந்தான். ஆனா வீட்டுக்குள்ள வந்தா ரெண்டும் வேற வேற ஆளுக. மேக்க பாத்த பால்கனியில பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு வருசமா வளத்துட்டு இருக்கேன், அதை வச்சுத்தான் சொல்றேன்.

மொதல்ல முள்ளு, ஏன்னா எல்லாரும் ஏமாறுறது இங்கதான். நாகதாளி முள்ளு விரல் நீளத்துக்கு விறைச்சுக்கிட்டு நிக்கும், பாத்தவுடனே கையை இழுத்துக்குவோம். முயல்காதுல பெரிய முள்ளே கிடையாது, அதனால பாதுகாப்புன்னு நினைச்சு வாங்கிட்டு வந்துடுறாங்க. அந்த மஞ்சப் பஞ்சு இருக்குல்ல, அது பூராவும் முள்ளு, முடியை விட மெல்லிசு, நுனியில கொக்கி மாதிரி இருக்கும், லேசா உரசுனா போதும் கொத்தா கழண்டு தோலுக்குள்ள ஏறிக்கும். எங்க அக்கா மகன், நாலு வயசு, முயலைத் தடவுற மாதிரி ஒரு தடவு தடவிட்டான். பய கத்துன கத்துல கீழ் வீட்டுக்காரங்க மேல ஓடி வந்துட்டாங்க. கையைப் பாத்தா ஒண்ணுமே தெரியலை, செல்போன் டார்ச்சை பக்கவாட்டுல சாச்சு அடிச்சப்பதான் விரல் பூராவும் மினுமினுன்னு தெரியுது. ட்வீசரால எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டு, மிச்சத்துக்கு ஃபெவிகாலை மெல்லிசா பூசி, மேல ஒரு துண்டு கட்டுத்துணியை ஒட்டி, நல்லா காய விட்டு உரிச்சோம், ரெண்டு தடவை அப்படிச் செஞ்சப்பறம்தான் பய அழுகையை நிப்பாட்டுனான். தேய்ச்சு மட்டும் விட்டுறாதீங்க, தேய்ச்சா இன்னும் உள்ள போகும். நாகதாளியிலயும் பெரிய முள்ளு அடியில இந்தப் பொடி முள்ளு உண்டு, ஆனா பெரிய முள்ளைத் தாண்டி யாரும் கையைக் கொண்டு போறதில்லை. அதனால சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு முயல்காது வேண்டவே வேண்டாங்கிறது என் முடிவு. எதைத் தொட்டாலும் பேப்பரை நாலா மடிச்சு பட்டையாக்கி அதால பிடிச்சுத் தூக்குங்க, துணி கையுறையில ஏறுன முள்ளு அப்பறம் துணியிலயே கெடக்கும்.

அம்மா வேற, கள்ளியை வீட்டுல வைக்கலாமா, பால் பட்டா கண்ணு போயிடும்னு பயந்தாங்க. அது திருகுகள்ளி, சதுரக்கள்ளி மாதிரி பால் வடியிற சாதிக்குச் சரி. சப்பாத்திக்கள்ளியில கள்ளிப்பால் கிடையாது, வெட்டுனா கொழகொழன்னு தண்ணியாதான் வரும்.

வெயில் விஷயத்துல நாகதாளிக்குப் பேரம் கிடையாது. ஹால்ல டிவி பக்கத்துல வைக்கிறதா இருந்தா எடுக்கவே எடுக்காதீங்க, ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேணும், இல்லைன்னா புது மட்டை சோகையா ஒல்லியா நீண்டு சாஞ்சிடும். முயல்காது தெக்கு பாத்த ஜன்னலோரத்துல கொஞ்சம் சமாளிக்கும். ஆனா அதுக்கும் அக்னி நட்சத்திரத்துல திடீர்னு மாடி வெயில்ல கொண்டு போய் வச்சா தோல் வெந்து வெளுத்துப் போகும், பத்து நாளா கொஞ்சங் கொஞ்சமா பழக்கணும். வேலியில நின்ன நாகதாளி 40 டிகிரிக்கெல்லாம் அசராது. இந்த இனம் பகல்ல இலைத்துளையை மூடிக்கிட்டு ராத்திரி குளுந்தப்பறம்தான் தொறந்து காத்தை உள்ள இழுக்கும், அதனாலதான் அவ்வளவு தண்ணி மிச்சம்.

தண்ணியில ரெண்டுக்கும் ஒரே கணக்குதான், மண்ணு அடி வரைக்கும் காஞ்சாதான் அடுத்த தண்ணி. ஈர்க்குச்சியை அடி வரைக்கும் விட்டு எடுத்துப் பாருங்க, மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் நாள் இருக்கு. என் பால்கனியில கோடைக்கு பத்து நாளைக்கு ஒருக்கா ஊத்துறேன், ஐப்பசி கார்த்திகை அடைமழையில சுத்தமா நிப்பாட்டி கூரைக்கடியில நகத்திடுறேன். மட்டை சுருங்குனா தாகம், ஊத்துனா ரெண்டு மூணு நாள்ல நிமிந்துக்கும். அடியில பழுப்பாகி மெத்துன்னு ஆனா அழுகல், அப்ப தண்ணி ஊத்துனா கதை முடிஞ்சுது.

என் மொத முயல்காது அப்படித்தான் போச்சு. நர்சரில கொடுத்த தென்னை நார்த்தூள்லயே விட்டுட்டேன், மேல காஞ்சு கெடக்கு, உள்ள ஈரம் அப்படியே நிக்குது, எனக்குத் தெரியலை. ஒரு நாள் காலையில செடி தொப்புன்னு சாஞ்சு கெடந்துச்சு. நல்லா இருந்த ஒரே ஒரு மட்டையைச் சுத்தமான கத்தியால வெட்டி, நிழல்ல ஒரு வாரம் காய வச்சு, வெட்டுவாய் தோல் கட்டுனப்பறம் புது மண்ணுல நட்டேன், இப்ப இருக்குறது அந்த மட்டையோட வாரிசுதான். இப்ப செம்மண் ஒரு பங்கு, தூசி போக அலசுன எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைச்ச செங்கல் ஒரு பங்கு, மேல ஒரு கை மக்குன சாணி எரு. திருமங்கலம் பக்கத்துக் கரிசலை மட்டும் போட்டுறாதீங்க, தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது. தொட்டி மானாமதுரை மண்சட்டியா இருந்தா நல்லது, பக்கமெல்லாம் ஈரத்தை வெளிய விடும், கனமாவும் இருக்கும், பிளாஸ்டிக்ல நாகதாளி நாலு மட்டை போட்டாலே காத்துக்குத் தலைகுப்புற விழுந்துரும். அடியில ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் ரெண்டுக்குமே ஆகாது.

பூச்சித் தொல்லை கம்மிங்கிறதுல மட்டும் முயல்காது ஒரு படி மேல. ஒரு காலத்துல தமிழ்நாட்டுல நெலத்தையெல்லாம் நாகதாளி மூடிக் கெடந்துச்சு, 1926-ல இலங்கையிலேர்ந்து, கள்ளிச் சாறை உறிஞ்சிற கொச்சினீல் பூச்சியைக் கொண்டாந்து விட்டுத்தான் அடக்குனாய்ங்க. அந்தப் பூச்சி இன்னைக்கும் வேலியில இருக்கு. அதனால மட்டை எடுக்கும்போது வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கான்னு பாருங்க, குச்சியால நசுக்குனா ரத்தம் மாதிரி செவப்பு வந்தா அந்தச் செடியையே விட்டுட்டு வேற செடிக்குப் போயிருங்க. முயல்காதுக்கு வர்றது பெரும்பாலும் சாதாரண மாவுப்பூச்சிதான், ஸ்பிரிட்ல நனைச்ச பட்ஸ்ஸால ரெண்டு மூணு வாரம் தொட்டு எடுத்தா போயிரும்.

காசும் நாகதாளிக்குச் செலவே இல்லை, தோட்டக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா போதும். பழமும் இருக்கு, முயல்காதுகிட்ட அதை எதிர்பாக்க முடியாது. போன வருசம் மஞ்சப் பூ மூணு பூத்துச்சு, அதுல ரெண்டு காயாகி செவந்துச்சு. அம்மாச்சி இடுக்கியால பறிச்சு, சிமெண்டுத் தரையில செருப்புக்காலால உருட்டி உருட்டித் தேய்ச்சு, ரெண்டா பொளந்து நடுவுல இருக்குற நட்சத்திர முள்ளை நகத்தால நோண்டிப் போட்டுட்டுத்தான் பயலுக்குக் குடுத்தாங்க. அவன் நாக்கு மறுநாள் பள்ளிக்கூடம் போறப்பவும் ரோஸ் கலர்ல இருந்துச்சு.