ரைடிங் ஜீன்ஸ் வாங்கப் போகிறீர்களா? பெங்களூரில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூரில் வண்டி ஓட்டும் நம்மவர்கள், முக்கியமாகச் சேர்ந்தே வண்டி எடுக்கும் கணவன் மனைவிகள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்குப் பணமும் போச்சு, என் கணவரின் முழங்கால் தோலும் போச்சு.

எங்கள் இரண்டு பேருக்கும் வண்டி என்றால் உயிர். அவரிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, என்னிடம் மீட்டியோர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நந்தி மலை, சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏலகிரி. பெரிய ரைடிங் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வழியில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. பார்க்கச் சாதாரண ஜீன்ஸும் கட்டம் போட்ட சட்டையுமாக இருக்கணும், விழுந்தால் காப்பாற்றவும் செய்யணும் என்பார். அப்படிப்பட்ட துணிகள் உண்மையிலேயே இருக்கின்றன, நல்லவையும் கிடைக்கின்றன. கல்யாண நாளுக்கு ஒரு செட் வாங்கித் தரலாம் என்று இருவரும் போனோம்.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் ரைடிங் சாமான் கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. கடைக்காரர் வேலூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார். “உள்ள முழுக்க கெவ்லார்க்கா, பேட் எல்லாம் லெவல் 2. நம்ம ஊர்க்காரங்களுக்கு டூப்ளிகேட் கொடுப்பேனா?” என்றார். கெவ்லார் என்பது எளிதில் கிழியாத நார்; பேட் என்பது விழும்போது அடியைத் தாங்க உள்ளே வைக்கும் மெத்தை. ஜீன்ஸைத் திருப்பி உள்ளே மஞ்சள் துணியைக் காட்டினார். ஜீன்ஸும் சட்டையும் சேர்ந்து பதினாலாயிரத்துக்கு மேல். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் ‘ரைடிங் ஜீன்ஸ், கெவ்லார்’ என்று எழுதச் சொல்லி வாங்கிவைத்தோம். இப்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

நந்தி அடிவாரத் திருப்பத்தில் மணல் கிடந்தது. மெதுவாகத்தான் போனோம். முன்சக்கரம் வழுக்கி அவர் வலது பக்கமாக விழுந்து கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போனார். எழுந்து நின்றபோது ஜீன்ஸ் முட்டியில் வாய் பிளந்திருந்தது. மஞ்சள் துணியும் அதோடு சேர்ந்து கிழிந்து, ஓரமெல்லாம் உருகிச் சுருண்டு, அவர் தோலில் ஒட்டியிருந்தது. டாக்டர் அதை ஈரப்பஞ்சு வைத்து ஒவ்வொரு இழையாக எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அந்தக் கடைக்காரரின் முகம்தான் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. முட்டி பேட் எங்கே என்று பார்த்தால் கெண்டைக்கால் பக்கம் இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் மறுபக்கம் விரல் தெரியும் அளவுக்கு வெறும் ஸ்பாஞ்ச்.

வீட்டுக்கு வந்து அந்த லைனிங்கில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகியது. பாலியெஸ்டர் அப்படித்தான் எரியும். கெவ்லார் அராமிட் என்ற செயற்கை நார் வகையைச் சேர்ந்தது. 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் கண்டுபிடித்தது. அது உருகாது, தீயில் கருகும், தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும். இயற்கையிலேயே அது மஞ்சள் நிறம் என்பதால் மஞ்சள் சாயம் போட்ட எந்தத் துணியையும் கெவ்லார் என்று விற்றுவிட முடிகிறது. ஒன்று கவனியுங்கள்: டைனீமா என்ற வேறொரு வலுவான நார் போட்ட நல்ல ஜீன்ஸும் உண்டு, அந்த நார் சூட்டில் உருகத்தான் செய்யும். அதனால் கெவ்லார், அராமிட் என்று சொல்லி விற்றதற்கு மட்டும்தான் இந்தத் தீக்குச்சிச் சோதனை.

அப்புறம் அந்த ‘லெவல் 2’. லெவல் என்பது பேட்டுக்கு உரியது, துணிக்கு இல்லை. பேட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1621-1. சோதனையில் அடியின் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே கடக்காவிட்டால் லெவல் 1, 20க்கு மேல் கடக்காவிட்டால் லெவல் 2. உண்மையான பேட்டின் மேலேயே பைக் ஓட்டுபவர் படம், இந்த எண், லெவல், முட்டிக்கு கே, முழங்கைக்கு இ, தோளுக்கு எஸ் என்ற எழுத்து எல்லாம் அச்சாகியிருக்கும். துணிக்குத் தனித் தரம், இஎன் 17092. அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்பு உண்டு. உள்ளே தைத்த லேபிளில் அது இருக்கும். தொங்கவிட்ட அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள். எங்கள் ஜீன்ஸில் அட்டை மட்டும்தான் இருந்தது. கடையிலேயே பேட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, பேட் முட்டியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். தயங்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

கிழிந்ததை எடுத்துக்கொண்டு போனபோது தமிழ் பேசிய அதே வாய், “விழுந்தா கிழியத்தான் மேடம் செய்யும், நோ ரிட்டர்ன்னு எழுதியிருக்கு பாருங்க” என்றது. விழுவதற்காகத்தானே அந்த உடையை விற்றார்! எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பில்லில் ‘நோ ரிட்டர்ன்’ என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம், நாங்கள் கூப்பிட்டோம். அதன் பிறகு கடைக்காரரே போன் செய்து, கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்தால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும்.

உங்கள் வீட்டு அலமாரியில் மஞ்சள் லைனிங் வைத்த ஜீன்ஸ் இருந்தால், அடுத்த ஞாயிறு வண்டி எடுப்பதற்கு முன் பேட்டை வெளியே இழுத்து எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதே கடை என்றால் மனுவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.