பழைய றலி சைக்கிள் சில்லுகள்: நெடுநாள் பாவனைக்குப் பிறகு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோர எழுவான்கரையில் ஓடிய சில்லையும் மேற்கே வயல்பக்கப் படுவான்கரையில் ஓடிய சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கழற்றாமலே வித்தியாசம் தெரியும். கடலோரச் சில்லில் கம்பி நிப்பிளுக்குள் (கம்பியை றிம்மில் இறுக்கும் சின்ன நட்) போகும் இடத்திலெல்லாம் உப்புத்துரு பூத்திருக்கும். றிம்மின் உள்பக்கம் சிவந்திருக்கும். பார்க்கவே மனம் வராது. படுவான்கரைச் சில்லு வெளியே சுத்தமாக இருக்கும். ஆனால் வயல் சேறும் மாரித் தண்ணீரும் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் இறங்கி, குண்டு ஓடும் கிண்ணமான கப்பைத் தின்றிருக்கும். முதலாவதற்குக் கம்பியை மாற்றினால் இன்னொரு ஆயுசு உண்டு. இரண்டாவதற்கு வைத்தியம் குறைவு. மினுக்கத்துக்குக் காசு கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பழைய சில்லில் விலை பேச வேண்டியது ஹப்புக்கு.

இந்தப் பக்கங்களில் கைமாறுகிறவை பெரும்பாலும் றலி, ஹம்பர், ரட்ஜ் வகை 28 அங்குலச் சில்லுகள். முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40 கம்பி. மீன்பெட்டியோ விறகுக் கட்டோ ஏறுவது கரியரில், பாரம் இறங்குவது பின் சில்லில். அந்த எட்டுக் கம்பி அதிகமாக இருப்பதன் நியாயம் அதுதான். இன்றைய சாதாரண ஹப்புகள் 36 துளை என்பதால், 40 துளை றிம்முக்குள் 36 துளை ஹப்பைக் கோர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவில்தான் ஆள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘28’ என்று சொல்லும் றிம் 635 மி.மீ ஆகவும் இருக்கலாம், 622 ஆகவும் இருக்கலாம். ‘26’ என்றால் பழைய 26 × 1⅜ றிம் 590 மி.மீ, மவுண்டன் சைக்கிள் றிம் 559 மி.மீ. கண்ணால் பிரிக்க முடியாது. ரயரைக் கழற்றி, ரயர் விளிம்பு உட்காரும் படியைச் சுற்றித் தையல்காரரின் அளவு நாடாவை ஓட்டுங்கள். 199.5 செ.மீ வந்தால் 635, 195.4 வந்தால் 622, 185.4 வந்தால் 590, 175.6 வந்தால் 559. ஒரு செ.மீ கூடக் குறைய வந்தால் நாடா தளர்ந்திருக்கிறது, மறுபடி அளக்கவும்.

ஹப்பைப் பார்ப்பதற்கு வருவோம். அச்சை இரண்டு விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். வேகமாகச் சுழற்றினால் எல்லா ஹப்பும் நல்ல ஹப்புத்தான். மெதுவாகச் சுற்றும்போது மணலை அரைப்பதுபோல் கரகரத்தால் கிறீஸ் காய்ந்திருக்கலாம், கழுவினால் போகும். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் தட்டித் தட்டி நின்றால் கப்பில் குழி. விற்பவர் சம்மதித்தால் ஒரு பக்கக் கோனை (அச்சில் திருகி, குண்டுகளைக் கப்போடு பிடிக்கும் கூம்பு) கழற்றுங்கள். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குலக் குண்டுகள், பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது ¼ அங்குலக் குண்டுகள் இருப்பது வழக்கம். எண்ணிக்கை குறைந்தால் யாரோ அவசரத்தில் மூடியிருக்கிறார்கள். கோனில் பள்ளம் விழுந்திருந்தால் கவலை வேண்டாம், கோன் மாற்றக்கூடியது. கப்பின் ஓடுபாதையில் நகம் மாட்டும் குழி இருந்தால் அந்த ஹப் அலங்காரத்துக்கு.

ஹப்பின் காதையும், அதாவது கம்பி கோர்க்கும் விளிம்புத் தட்டையும் பாருங்கள். கம்பித் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலோ, இரண்டு துளைக்கு நடுவில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ விட்டுவிடலாம். அச்சின் மரை அங்குலக் கணக்கு. கையில் கிடைத்த மெற்றிக் நட்டைப் போட்டால் இரண்டு சுற்று நல்லபிள்ளையாக ஏறும், பிறகு மரையை வெட்டும். பழைய நட், கோன், வொஷர் எல்லாம் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீரில் கிடந்த சில்லு என்றால் திறக்காமல் வாங்கவே கூடாது. உப்பு உள்ளே இருந்தால் வெளியே மினுக்கினாலும் உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

றிம்முக்கு ஒரு ஊசி போதும். ரயரையும் றிம் ரேப்பையும் எடுத்து, நிப்பிள் துளைகளைச் சுற்றிச் சாக்கூசியால் குத்துங்கள். இரும்பு பொருக்காகக் கழன்றால் அந்த றிம் இழுவிசை தாங்காது. வெள்ளி நிறப் பெயின்ற் அடித்த றிம்மைக் கண்டால் பாதி விலைக்குக் கேளுங்கள். துருவை மறைக்காமல் யாரும் குறோமியத்துக்குப் பெயின்ற் அடிப்பதில்லை. வெஸ்ட்வூட் றிம்மில் கோல் பிறேக்கின் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கோல் இழுக்கும் பிறேக்) ரப்பர் உள்பக்கமாக, ஹப்பைப் பார்த்த முகத்தில் அழுத்தும். அதன் பக்கங்கள் உருண்டை. கேபிள் பிறேக் போட்ட சைக்கிளுக்கு அதை மாட்டினால் ரப்பர் பிடிக்க இடமே இல்லை, அதற்கு எண்ட்ரிக் வகைத் தட்டைப் பக்க றிம் வேண்டும். மழைக்குள் குறோமிய றிம்மில் எந்தப் பிறேக்கும் சோம்பல்தான், அதைச் சில்லின் குறையாகச் சொல்ல முடியாது.

மூன்று கியர் கொண்ட ஸ்டேர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ ஹப் வந்தால் நின்று பாருங்கள். 1936 முதல் நொட்டிங்ஹாமில் செய்த வகை. உடலில் ‘ஏ.டபிள்யூ’ எழுத்துக்குப் பக்கத்தில் வருஷமும் மாதமும் அடித்திருக்கும்: 58, 3 என்றால் 1958 மார்ச். அச்சின் முனையிலிருந்து வரும் சின்னக் கியர்ச் சங்கிலியை இழுக்காமல் பற்சக்கரத்தை மூன்று சுற்றுச் சுற்றினால் சில்லு நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். சங்கிலியை முழுதாக இழுத்துப் பிடித்துச் சுற்றினால் இரண்டேகால் சுற்று. இந்த இரண்டும் சரியென்றால் உள்ளே பெரும்பாலும் நலம். உள்ளுக்குக் கிறீஸ் திணித்தவர் கையில் அது வழுக்கும், ஏனென்றால் பல்லில் மாட்டும் சின்னக் கொளுவிகள் கிறீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாது. எண்ணெய் விடுகிற மூடி ஹப்பின் மேலேயே இருக்கிறது, மெல்லிய எஞ்சின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். கியர்ச் சங்கிலியின் நுனியில், அச்சுக்குள் திருகும் கோலை இறுக்கி முறிக்காதீர்கள். முழுதாகத் திருகி, அரைச் சுற்றுக்கு மேற்படாமல் பின்னுக்கு விட வேண்டும். உள்ளே முறிந்த கோலை எடுப்பது பெரும்பாடு. அச்சு சுழலாமல் பிடிக்கும் பல்லு வொஷர் இரண்டும் இல்லாமல் இந்த ஹப்பை வாங்கினால் கியர் ஒருநாளும் ஒரு நிலையில் நிற்காது.

விளக்குக்குக் கரண்ட் தரும் டைனஹப்பைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். காந்த வளையத்தை வெறுமனே உருவி எடுத்தால் காந்தம் பலமிழக்கும், பிறகு திரும்பப் போட்டாலும் விளக்கு மங்கல். 6 வோல்ற் பல்பை வயரில் பிடித்துச் சில்லைச் சுழற்றிப் பாருங்கள், அவ்வளவே.

பழைய கம்பியோடு ஓட்டலாமா? மூன்று கம்பிக்கு மேல் ஒரே பக்கத்தில் முறிந்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுவதே மலிவு. கம்பி முறிவது பிறீவீல் பக்கத்தில், ஹப்பின் காதில் வளையும் முழங்கையில். இறுக்கம் கூடியதால் முறிகிறது என்று தளர்த்துகிறார்கள். உண்மை தலைகீழ்: தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்ந்து களைத்துத்தான் முறிகிறது.

கழற்றும்போது நிப்பிள்களுக்கு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் அரை அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். கட்டரால் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் றிம் பனியாரம்போல் வளையும். கம்பி நீளத்தை முழங்கையின் உள்ளிருந்து மரை முடிவு வரை அளந்து, அதே நீளத்தில் 14 கேஜ் (2 மி.மீ) வாங்கலாம். 40 துளைக்கு நான்கு குறுக்கு (ஒரு கம்பி மற்ற நான்கு கம்பிகளைக் குறுக்கே கடக்கும் கோர்ப்பு), 32 துளைக்கு மூன்று குறுக்கு. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எல்லா நிப்பிளையும் மரை மறையும் அளவுக்கு ஒரே மாதிரி ஏற்றிய பிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். முதலில் மேடுபள்ளம், பிறகு பக்க நெளிவு, கடைசியில் நடுமத்தி. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, சில்லை இரு பக்கமும் மாற்றி மாட்டினால் நடுமத்தி தெரியும். பிறகு கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் நெரித்து, சத்தம் அடங்கும்வரை இருத்தி, மறுபடி நெளிவு எடுக்கவும். இந்த நெரிப்பைத் தவிர்த்தவர் ஒரு வாரத்தில் திரும்ப வருவார். 100 கி.மீ ஓடிய பின் ஒரு தடவை பார்த்துவிட்டால் மாரி முடியும்வரை தொடத் தேவையில்லை.

குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவை) மண்டூருக்குப் போய்வரும் சைக்கிளுக்கு ஹப்பை வருஷத்துக்கு ஒரு முறை, மாரி வடிந்த கையோடு, கழுவிக் கிறீஸ் போட வேண்டும். சம்மாந்துறைப் பக்கம் காய்ந்த றோட்டில் ஓடுவதற்கு இரண்டு வருஷம் தாங்கும்.

விற்பவருக்கு: சோடியாக விற்றால்தான் விலை. தனி முன் சில்லு மாதக்கணக்கில் தொங்கும். துருவுக்குத் தீட்டுத்தாள் போடாதீர்கள். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குறோமியம் கீறாமல் துரு போகும். படத்தில் ஹப்பின் முத்திரை, துளை எண்ணிக்கை, நாடாவோடு றிம் அளவு, கம்பி முழங்கை நான்கையும் காட்டுங்கள். குழி இருந்தால் குழியையும் காட்டுங்கள், தூரத்தில் இருந்து வாங்குபவர் திருப்பி அனுப்பும் செலவு சில்லின் விலையை விழுங்கிவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் ஏறிய விலையை இப்போதும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்புக்கு அனுப்புவதென்றால் ரயரைக் கழற்றாமல் பாதிக் காற்றோடு விடுங்கள், றிம் விளிம்புக்கு அதுவே மெத்தை. அச்சின் முனைகளில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டி, இரண்டு சில்லுக்கும் நடுவில் அட்டை வைத்து, கயிறு கம்பியில் விழாமல் றிம்மோடு கட்டவும். நட், வொஷர், கியர்ச் சங்கிலியைச் சிறிய துணிப்பையில் போட்டு ஹப்போடு முடியுங்கள். பார்சலில் தொலைவது எப்போதும் அந்தப் பை.