தங்க நிறத்தில் ஒரு நார்மர்

பிள்ளைகளுக்கு வீட்டில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவள் நான். பாடத்திட்டத்தில் இருக்கோ இல்லையோ, எகிப்தை எப்படியாவது வகுப்புக்குள் இழுத்து வந்துவிடுவேன். அதனால்தான் வெள்ளவத்தையில் காலி வீதிக்கு உட்பக்கமாக உள்ள ஒரு அன்பளிப்புக் கடையில், கிறிஸ்ரல் யானைகளுக்கும் சிரிக்கும் புத்தருக்கும் நடுவில் எகிப்தின் ஆதி மன்னர் நார்மரின் உருவம் செதுக்கிய பழைய கற்பலகையின், அதாவது நார்மர் பலகையின், பிரதி ஒன்று நிற்பதைக் கண்டதும் விலை கேட்காமலே கையில் எடுத்துவிட்டேன். விலை 7,500 ரூபா. கையில் எடுத்த பிறகு கேட்டால் குறைப்பார்களா? குறைக்கவில்லை.

"அன்ரி, இது துத்தன்காமுன்ட சாமான்" என்றான் கடைப்பெடியன். அவனைக் குறை சொல்லவும் ஏலாது. பெட்டியில் ஒரு பக்கம் பிற்கால மன்னர் துத்தன்காமுனின் தங்க முகமூடி, மறுபக்கம் பிரமிட். உள்ளே இருக்கிற மன்னரோ கி.மு. 3100 அளவில் வாழ்ந்தவர். துத்தன்காமுனுக்கு நார்மர், நமக்குச் சங்கப் புலவர்கள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். பிரமிட்டும் அப்போது கிடையாது. முதலாம் வம்சத்து மன்னர்களை அபைடோஸ் பாலைவனத்தில், நிலத்தைத் தோண்டி மண்செங்கல்லால் கட்டிய அறைகளில் புதைத்தார்கள்.

பலகைக்கு அடித்திருக்கிற தங்க நிறமும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். அசல், கரும்பச்சை சாயலுள்ள சாம்பல் நிறக் கல். 1897-98 பருவத்தில் குயிபெல், கிறீன் என்ற இரண்டு அகழ்வாய்வாளர்கள் தெற்கு எகிப்தில் ஹைராகொன்பொலிஸ் கோயில் நிலத்தில் அதைத் தோண்டி எடுத்தார்கள், பிறகு அது கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனது. உயரம் சுமார் 64 சென்ரிமீற்றர். நான் வாங்கியது அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வெறும் ரெசின், பாரமே இல்லை. விளிம்பில் நகத்தால் சுரண்டினால் தங்கம் உரிந்து வெள்ளை தெரிகிறது. அந்தக் காசுக்கு இது அநியாயம்.

ஆனால் செதுக்கலைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். எதிர்பார்த்ததைவிட நன்று. ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின், அதாவது தெற்கின், வெள்ளை முடியுடன் மன்னர், முழந்தாளிட்டவனின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு தண்டாயுதத்தை ஓங்குகிறார். அவர் கால் வெறுங்கால். பின்னால் ஒரு ஆள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். இந்தச் சின்னப் பிரதியில்கூடச் செருப்பின் வார் தெரிகிறது! எதிரே பப்பிரஸ் நாணல் தண்டுகளின் மேல் ஒரு வல்லூறு, ஒரு மனிதத் தலையின் மூக்கில் கயிறு போட்டுப் பிடித்திருக்கிறது. பப்பிரஸ் வளரும் வடக்கு டெல்டா நாடு பிடிபட்டது என்று படிக்கிறவர்கள் பலர்.

மறுபக்கம் இன்னும் கொடூரம். கீழ் எகிப்தின், அதாவது வடக்கின், சிவப்பு முடி அணிந்து ஊர்வலம் போகிறார் அதே மன்னர். முன்னால் கொடி ஏந்துவோர், அவர்களுக்கு அப்பால் தலை வெட்டப்பட்ட பத்து உடல்கள், வெட்டிய தலைகள் கால்களுக்கு நடுவில். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர்கள் தலைகளை எண்ணி முடித்துவிட்டு, கீழே கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கும் இரண்டு விசித்திர மிருகங்களிடம் போய்விட்டார்கள். அந்தக் கழுத்துகள் வளைத்து வைத்திருக்கும் வட்டக் குழியில் ஆளுக்கு ஆள் பெருவிரலை வைத்துப் பார்த்தார்கள். இந்த வகைப் பலகைகள் முதலில் கண்மை அரைக்கிற கல்லாகத்தான் இருந்தன, அந்தக் குழி அதன் மிச்சம் என்று சொன்னதும், "ராசா மை பூசினவரா மிஸ்?" என்றான் ஒருவன். பூசியிருப்பார். ஆனால் இவ்வளவு பெரிய பலகையைக் கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்ததாகத்தான் தெரிகிறது.

எனக்கு ஆற்றாமை தருவது பலகையின் உச்சி. அசலில் இரண்டு பக்கத்திலும், மாட்டுக் காதும் கொம்பும் உள்ள முகங்களுக்கு நடுவே அரண்மனை முகப்பு மாதிரி ஒரு சிறிய சட்டம். அதற்குள் ஒரு கெளிறு மீன், அதன்கீழ் ஒரு உளி. அதுதான் மன்னரின் கையெழுத்து மாதிரி, அதை வைத்துத்தான் அவரை நார்மர் என்கிறோம். என்னுடைய பிரதியில் அந்த இடம் வெறும் வழுக்கல். மாட்டுக் கொம்பை ஒழுங்காகச் செய்தவர்கள், மன்னர் பேரைத் துடைத்துவிட்டார்கள். வரலாறு படிப்பிக்கிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரமும் உண்டு. ஆங்கிலம், சிங்களம் மட்டும். வெள்ளவத்தையில் விற்கிற சாமானுக்குத் தமிழில் நாலு வரி போட்டால் என்ன? உள்ளடக்கம் அதைவிட மோசம். மெனிஸ் என்ற முதல் மன்னர் ஒரே போரில் மேல், கீழ் எகிப்து இரண்டையும் இணைத்தார், மெம்பிஸ் நகரைக் கட்டினார், 62 ஆண்டு ஆண்டார், நீர்யானை அடித்துச் செத்தார். சரி, நீர்யானைக் கதை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மனேதோ என்ற எகிப்தியப் பூசாரி எழுதியதாக வருவது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அவருக்கும் முதல் மன்னருக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூவாயிரம் ஆண்டு. மெனிஸ் என்பவர் நார்மரா, அவருக்கு அடுத்து வந்த ஆஹாவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் நார்மர் பக்கம்: 1985இல் அபைடோசில் டென் மன்னரின் கல்லறையருகே கிடைத்த களிமண் முத்திரைப் பதிவு நார்மர், ஆஹா, ஜெர், ஜெட், டென் என்றுதான் வரிசை சொல்கிறது. டெனின் தாய் மெர்நெய்த்தும் அதில் இருக்கிறார். அபைடோசில் மன்னர்களுக்கு நடுவில் அவருக்கும் கல்லறை உண்டு. பிரசுரத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. மெம்பிஸ் கதையும் ஆடுகிறது. 2012இல் வெளியான சினாய்ப் பாறைக் கீறல் ஒன்றில், நார்மருக்கு முந்திய இரி-ஹோர் என்ற மன்னரின் பெயரோடு அந்த நகரின் பெயரும் வருகிறது. இணைப்பு ஒரு நாள் போரில் முடிந்ததில்லை, தெற்கத்தியப் பண்பாடு தலைமுறை தலைமுறையாக வடக்கே பரவி வந்ததன் கடைசிப் பகுதி நார்மர். பிரசுரத்தை நான் கிழித்துப் போடவில்லை. வகுப்பில் பிழை கண்டுபிடிக்கக் கொடுத்தேன், நல்ல பயிற்சி.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதுவும் மிருகங்களின் கழுத்துக்காக. அலுமாரி அலங்காரத்துக்கு வேண்டாம், கையில் கொடுத்துப் படிப்பிக்கிறவர்கள் மட்டும் வாங்கலாம். வாங்கினால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், உச்சிச் சட்டத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். தட்டில் இருந்த வேறொன்றில் மீனின் வால் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் அதில் மன்னரின் மூக்கு உடைந்திருந்தது. உடைந்ததற்கு விலை குறைப்பீர்களா என்றும் கேட்டேன், மாட்டார்களாம்.