பாலிமர் கிளே: கேட்டோவா, ஃப்ரீசனா, ஹியூஸா?

ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும் பிளாஸ்டிக் களிமண்தான் பாலிமர் கிளே. அதை எப்படிப் பிசைவது, எப்படிச் சுடுவது என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அப்புறம் யாருடைய வழியில் போவது என்பதில்தான் குழப்பம். டோனா கேட்டோ, கிறிஸ்டி ஃப்ரீசன், டோரி ஹியூஸ் மூவருமே இந்தக் கலையைக் கற்பித்துப் பேர் வாங்கிய அமெரிக்கக் கலைஞர்கள். ஆனால் ஒருவர் பாணிக்கும் இன்னொருவர் பாணிக்கும் ஒட்டே இல்லை.

கேட்டோ என்றால் கேன் (cane), அதாவது உள்ளே வடிவம் அடங்கிய கிளே உருளை. வெனிஸ் கண்ணாடிக் கலைஞர்களின் மில்லெஃபியோரி முறையிலிருந்து வந்தது இது. பல நிறக் கிளேயைக் கணக்காக அடுக்கி உருளையாக்கினால், குறுக்கே வெட்டும் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ தெரியும். சோதனை, அந்த உருளையை நீட்டிச் சிறிதாக்கும்போது வரும். நடுவிலிருந்து அழுத்தத் தொடங்கி முனைகளை நோக்கிப் போக வேண்டும். அப்படிச் செய்தாலும் முனைகள் கோணிக்கொள்ளும். வெட்டித்தான் ஒதுக்க வேண்டும். சிக்கனக்காரர்களுக்கு மனசு வராது.

கேன் வேலைக்குள் போனால் ஸ்கின்னர் பிளெண்டைத் தவிர்க்க முடியாது. ஜூடித் ஸ்கின்னர் பெயரில் வழங்கும் உத்தி இது. இரண்டு நிற முக்கோணங்களைச் சேர்த்து, ஒரே திசையில் மடித்து மடித்து பாஸ்தா மெஷினில் (உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்கும் கருவி) இருபது தடவைக்கு மேல் விட்டால், ஒரு நிறம் மெல்ல மற்றதாக மாறியிருக்கும். மெஷின் வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டோ பெயரிலேயே விற்கும் கிளே கெட்டியானது, வெட்டும்போது இழுபடாது. ஆனால் பிசைவதற்குள் விரல் கழன்றுவிடும். நம்மூர் வெயிலில் மென்மையான ரகக் கேன்களை வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

ஃப்ரீசன் நேர் எதிர். டிராகன், மீன், ஆக்டோபஸ் என்று உருவங்கள். அவற்றின் மேல் கண்ணாடி மணியும் கல்லும் பதித்திருக்கும். சுருள் ஒன்று சற்றுக் கோணினாலும் டிராகன் வாலுக்கு அதுவும் அழகுதான். டெரகோட்டா நகை செய்து பழகிய கைக்கு இந்த வழி சட்டென்று வந்துவிடும்.

ஹியூஸின் வழி போலிக்கலை: ஜேட், தந்தம், அம்பர், டர்காய்ஸ் போலவே கிளேயில் செய்வது. டர்காய்ஸுக்கு, நீலப்பச்சைக் கிளேயைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடர்நிற அக்ரிலிக் பெயிண்டில் புரட்டி, சேர்த்து அழுத்திச் சுட்டு, உப்புத்தாளால் தேய்த்தால் கல்லின் நரம்புகள் வெளியே வரும். நிஜக் கல்லிலேயே குறை இருப்பதால், நம் கைக்குறை வெளியே தெரியாது. கத்தி, பெயிண்ட், உப்புத்தாள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதனால் என் ஓட்டு முதலில் ஹியூஸுக்கு. கல்லை உற்றுப் பார்க்கும் கண் வந்தபின் கேட்டோவிடம் போனால் நிறக்கணக்கு பிடிபடும். பலர் கேட்டோவில் தொடங்கச் சொல்வார்கள். நகைத் தொழிலே குறி என்றால் சரி. பொழுதுபோக்குக்கு அந்தக் கண்டிப்பு கொஞ்சம் அதிகம். இன்னொரு பாலிமர் கிளே கலைஞரான ஜெஃப்ரி லாய்ட் டெவரின் உள்ளீடற்ற இலை வடிவங்களைப் பார்த்து மயங்குபவர்கள் பொறுத்திருக்கவும்: பல கட்டமாகச் சுட்டுச் சேர்க்கும் வேலை அது.

யார் வழியானாலும் ஓவனுக்குத் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். ஃபிமோ என்ற பிராண்ட் கிளேக்கு 110 டிகிரி செல்சியஸ், கேட்டோ கிளேக்கு 150. அடிப்படைப் பொருள் பிவிசி என்பதால், கருகினால் கிளம்பும் புகை நுரையீரலுக்கு ஆகாது.