ரூ. 38,500 போச்சு: மீட்டர்கேஜ் மாடல் இன்ஜின் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோபம் அடங்கினதும் எழுது என்றார்கள் நண்பர்கள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். ரயில் மாடல் செய்கிறவர்கள், அதிலும் மீட்டர்கேஜ் இன்ஜின் தேடி அலைகிறவர்கள் கடைசிவரை படியுங்கள். போனது ரூ. 38,500.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. சமூக வலைதளத்தில் ஒரு பக்கம், ஒரு வாட்ஸ்அப் எண், "உங்களுக்குப் பிடித்த இந்திய லோகோவைச் செய்து தருகிறோம்" என்று ஒரு விளம்பரம். அவ்வளவுதான் முகவரி.

எங்களுடையது திருச்சிப் பக்கம் ஒரு சின்னக் குழு. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம், பலகை பலகையாகச் செய்து சேர்த்து ஒரு பழைய மீட்டர்கேஜ் ஸ்டேஷனை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். ஏன் மீட்டர்கேஜ் என்று கேட்பவர்களுக்கு: நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., அதை ஹெச்.ஓ. அளவுக்காக (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) 87ஆல் வகுத்தால் 19 மி.மீ. சொச்சம் வரும், ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே ஓட்டுகிறார்கள், எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருக்கும். மீட்டர்கேஜை, அதாவது 1000 மி.மீ.யை, 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. சுவிஸ் மலை ரயில் மாடல்களுக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள், கிட்டத்தட்டப் பொருந்திவிடும். சிக்கல் இன்ஜினில்தான். நம் மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினான ஒய்.டி.எம்.-4 தயாராகக் கடையில் கிடைத்து நான் பார்த்ததில்லை. உடம்பை 3டி பிரிண்ட் எடுத்து, கைப்பிடிக் கம்பிக்குப் பித்தளைக் கம்பி வளைத்து, ரேடியேட்டர் வலைக்கு எட்சிங் செய்த பித்தளைத் தகடு ஒட்டி, கீழே 12 மி.மீ.யில் ஓடும் ஏதாவது ஒரு ஆறு அச்சு சேஸிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) பொருத்தி, நாமேதான் உருவாக்க வேண்டும். எங்கள் குழுவில் சால்டரிங் நன்றாக வரும், பெயின்ட் வரும், கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவர் இல்லை. அதனால்தான் வெளியே ஆள் தேடினோம், அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

அதைப் போட்ட ஆள் பேசியதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்த இடம் அதுதான். போன் போட்டதும் விலை சொல்லவில்லை. "சார், எந்த ஷெட் வண்டி வேணும்? பொன்மலையா? அப்ப ஜி.ஓ.சி.ன்னு எழுத்துப் போடணும்ல" என்றார், அது பொன்மலை ஷெட்டின் குறி. டிரைவர் அறைக்கு ஷார்ட் ஹுட் (குட்டை மூக்கு) பக்கமா லாங் ஹுட் (நீள மூக்கு) பக்கமா, எந்தப் பக்கம் ரயிலைக் கோக்கப்போகிறோம் என்று கேட்டார். ஒய்.டி.எம்.-4இல் உள்ள ஆறு சிலிண்டர் ஆல்கோ (அமெரிக்கக் கம்பெனி) இன்ஜினின் சத்தம் பிராட்கேஜில் ஓடிய பதினாறு சிலிண்டர் டபிள்யூ.டி.எம்.-2 சத்தம் மாதிரி இருக்காது, அலாஸ்காவில் ஒயிட் பாஸ் பாதையில் ஒய்.டி.எம்.-4இன் அதே டி.எல்.535 குடும்பத்து வண்டிகள் ஓடியிருக்கின்றன, அதன் சத்தத்தை எடுத்து டீகோடரில் (மாடலுக்குள் வைத்து ஓட்டத்தையும் சத்தத்தையும் கட்டுப்படுத்தும் சின்ன சிப்) ஏற்றித் தருகிறேன் என்றார். இவ்வளவு தெரிந்த ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்றும் சொன்னார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருக்கிறார், ஒய்.டி.எம்.-4ஐ வருஷக்கணக்கில் ஓட்டியவர். அவர் போனை வாங்கிப் பேசிவிட்டு "பையன் விஷயம் தெரிஞ்சவன்ப்பா" என்றார். அதோடு முடிந்தது. அன்றைக்கே ரூ. 20,000 அனுப்பினேன், என்னுடையது மட்டும் இல்லை, குழுவில் எல்லோரும் போட்ட பணம்.

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. உருளைகள் மேல் சக்கரம் சுழலுகிற மாதிரி ஒரு சேஸிஸ், பின்னால் ஆல்கோ சத்தம். அது எங்கள் சேஸிஸ்தானா, அந்தச் சத்தம் அதிலிருந்துதான் வருகிறதா என்று வீடியோவைப் பார்த்துச் சொல்லவே முடியாது என்பது இப்போது புரிகிறது. மீதி ரூ. 18,500 கட்டினால்தான் பார்சல் என்றார், கட்டினோம். மொத்தம் ரூ. 38,500.

பார்சல் வர மாதக்கணக்காயிற்று. வந்ததைச் சொல்கிறேன்.

உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. 3டி பிரிண்ட் ரெசின் முழுசாக இறுகாமலேயே பெட்டியில் போட்டிருக்கிறார்கள், தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது, மேலே பிரைமர் அடித்தால் அது ஒருநாளும் காயாது. முகப்பில் இரண்டு பக்கமும் பஃபர், அதாவது மோதல் தாங்கி! மீட்டர்கேஜ் வண்டியில் நடுவில் ஒரே பஃபரும் கொக்கியும்தான் இருக்கும், திருச்சியில் ரயில் பார்த்து வளர்ந்த சின்னப் பையனுக்கும் தெரியும். ஜி.ஓ.சி. எழுத்து வரை பேசிய ஆள் பிராட்கேஜ் முகத்தை அனுப்பியிருக்கிறார் என்றால், போனில் பேசினவர் வேறு, செய்தவர் வேறு. அல்லது யாருமே செய்யவில்லை, எங்கிருந்தோ இலவசமாகக் கிடைத்த 3டி ஃபைலை அப்படியே அச்செடுத்திருக்கிறார்கள். பித்தளைத் தகடு என்று காசு வாங்கிய ரேடியேட்டர் வலை, அட்டையில் வெட்டி வெள்ளி பெயின்ட் அடித்தது.

சேஸிஸ் இன்னும் மோசம். ஏதோ பழைய டி.டி. அளவு (ஹெச்.ஓ.வை விடச் சின்னது) டீசல் மாடலில் இருந்து கழற்றியது. டி.டி. மாடலும் 12 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும், அதைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை, நாங்களும் அதைத்தான் கேட்டோம். ஆனால் இது துத்தநாக வார்ப்பு கெட்டுப்போனது. வார்க்கும்போது ஈயம் மாதிரி கசடு கலந்துவிட்டால் வருஷம் போகப்போக உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, உப்பி, உதிர ஆரம்பிக்கும். அதற்கு மருந்தே கிடையாது, ஒட்டவும் முடியாது. மோட்டாரைப் பிடித்துத் தூக்கினேன், ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. டீகோடர் ஈ.எஸ்.யூ. கம்பெனியின் சவுண்ட் டீகோடர் என்று எழுதித் தந்திருந்தார். ப்ரோகிராமிங் ட்ராக்கில் (டீகோடர் அமைப்புகளைப் படிக்கும் தனித் தண்டவாளம்) வைத்து சி.வி. 8 என்ற அமைப்பைப் படித்தால் தயாரிப்பாளர் எண் 151 என்று வர வேண்டும். வந்தது வேறு எண். சத்தம் வரவில்லை, வரவும் வராது, ஸ்பீக்கருக்கு ஒயரே இல்லாத சாதா டீகோடர்.

சரி, போன் போட்டோம். முதல் நாள் "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்". கூரியரில் அடிபட்டால் நடு பஃபர் இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கு ஒன்றாகப் போய் நிற்குமா? அடுத்து, "வெந்நீர்ல முக்கி நிமிர்த்துங்க". மெல்லிய ரெசினை அப்படி நிமிர்த்தலாம்தான், நானே செய்திருக்கிறேன், ஆனால் இறுகாத ரெசினை வெந்நீரில் போட்டால் மிச்சமும் போகும். அடுத்து, பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு வேறொருவர் பேசினார், "அவர் ஊர்ல இல்ல, அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கோம்". மாடல் விற்கும் கடைக்கு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்! அவர்களுடைய வலைதளப் பக்கத்தில் கமென்ட் போட்டேன், அழித்தார்கள். திரும்பப் போட்டேன், என்னை பிளாக் செய்தார்கள். எங்கள் ஓய்வுபெற்ற டிரைவர் ஐயா போன் செய்தால் மட்டும் அந்த ஆள் எடுத்து, "பெரியவரே, உங்களுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ரூ. 38,500ஐ விட அந்தப் பேச்சுதான் அதிகம் எரிகிறது.

வங்கியில் "நீங்களே அனுப்பின யு.பி.ஐ., எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். காவல் நிலையத்தில் ஒருவர் "பொம்மை ரயிலுக்கு முப்பத்தெட்டாயிரமா சார்?" என்று கேட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். சிரித்தார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930இல் புகார் பதிந்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915இலும். 2020ஆம் வருஷத்து இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைனில் விற்கிறவர் குறைதீர்க்க ஓர் அலுவலர் பெயரைப் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவரிடம் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது ஒன்றுதான் இப்போதைக்கு ஆறுதல், ஆனால் யார் மேல் போடுவது என்று முகவரி வேண்டுமே.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். உடம்பு மட்டும் முதலில் வாங்கி, கையில் வந்த பிறகு அடுத்ததுக்குப் பணம் கொடுங்கள். லைவ் வீடியோ காலில், உங்கள் பெயர் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டீகோடர் என்றால் சி.வி. 8ஐப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் தர மாட்டேன் என்றால் போனை வையுங்கள். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள், நன்றாகத்தான் பேசுவார்கள்.

இந்த வர்ணனையைப் படித்துவிட்டு எந்த வலைதளப் பக்கம் என்று புரிந்தவர்கள், நீங்களும் பணம் கொடுத்திருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுத்தால்தான் ரூ. 38,500ஐச் சிரிக்காமல் கேட்பார்கள். கூடவே, யாரிடமாவது வார்ப்பு உதிராத ஆறு அச்சு டி.டி. சேஸிஸ் விற்க இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துத்தான் வாங்குவேன்.